வெயிலில் காய்ந்த மெம்பரேன்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. அதை ஒளிக்க ஒன்றுமில்லை. பட்டதை மறந்துவிடு என்று புத்தி சொல்கிறவர்களுக்கு எதுவும் பட்டிருக்காது.

கம்பத்துக்குக் கிழக்கே என் பெரியப்பா மகனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பாளையில் இறக்கும் நீரா என்ற இனிப்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற தொழில். அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகவில்லை என்று அண்ணன் ஒரு ஆர்.ஓ. மிஷின் வாங்கிப் போட்டார். வீட்டில் குடிதண்ணீருக்கு வைத்திருப்பதுதான், உருவம் பெரிது. நீராவில் உள்ள தண்ணீரைப் பாதிக்குமேல் பிரித்து வெளியே தள்ளிவிடும். கெட்டியானது மட்டும் அண்டாவுக்குப் போகும். அதை ஓட்டும் வேலை எனக்கு.

மிஷினுக்கு உயிர் மெம்பரேன். குழலுக்குள் சுருட்டி வைத்த மெல்லிய சவ்வு அது. நீராவின் இனிப்பு அதில் தங்கினால் பாசி பிடித்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஓட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் ஓட்டி, மறுபடி நல்ல தண்ணீர் ஓட்ட வேண்டும். கேரளாவிலிருந்து வந்த மெக்கானிக் போகும்போது ஒன்றை இரண்டு தடவை சொன்னார். ஒருமுறை நனைந்த மெம்பரேன் பிறகு காயவே கூடாது. மூன்று வருடம் அதைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டேன்.

சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"இவன் என்ன வேல பாக்குறான்னு நெனைக்கிறீக? தண்ணிய ஊத்தித் தண்ணியக் கழுவுறான். அதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு ஸ்டூலு."

பந்தியே சிரித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி மட்டும் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் குனிந்திருந்ததுதான் என்னை அறுத்தது. அந்த வாயே என்னைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவு செய்தேன்.

புரட்டாசித் தொடக்கத்தில் மழை பிடித்ததும் நீரா இறக்குவதை நிறுத்தினோம். நான் வேலையை விட்டு நின்றேன். ஆனால் முறையாகத்தான் நின்றேன். மெம்பரேன்களைக் கழுவி, சவ்வு காயாமல் கெடாமல் இருக்கக் குழல்களில் மருந்துத் தண்ணீர் நிரப்பி, வால்வுகளை இறுக்கி மூடினேன்.

"அண்ணே, தை வரைக்கும் இதக் கழட்டாதீக. மாசம் ஒருக்க மருந்துத் தண்ணிய மட்டும் மாத்துங்க."

"சரிடா, பெரிய டாக்டரு," என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அரிவாளிலிருந்து டிராக்டர் வரை கழுவித் துடைத்து, ஈரம் போகக் காயவைத்துத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்று காலை சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் ஒரு போட்டோ போட்டார். நாலு மெம்பரேனும் சிமெண்டுக் களத்தில், சுள்ளென்ற வெயிலில் வரிசையாக நின்றன. மருந்துத் தண்ணீரின் எரிந்த தீக்குச்சி நாற்றம் சாமிக்கு ஆகாது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். போட்டோவுக்குக் கீழே, 'மிஷின் பூஜைக்கு ரெடி' என்று எழுதியிருந்தார்.

அப்போதே ஒரு போன் போட்டுத் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். யோசித்தேன், வெகுநேரம் இல்லை. இரண்டு கையும் சேர்ந்த கும்பிடு பொம்மையைப் பதிலாகத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

தை பிறந்து நீரா இறக்கிய முதல் நாளே கூப்பிட்டார்.

"தம்பி, மிஷின்ல தண்ணியே பிரிய மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா."

வேண்டுமென்றே குளித்து, இட்லி சாப்பிட்டு, சாவகாசமாகப் போனேன். நீரா வெயில் ஏறினால் கள்ளாகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? கேன்களில் நுரை கட்டியிருந்தது. மரமேறுகிறவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி கேட்டேன்.

"காய வச்சீகளா?"

"பூஜைக்கு ஒரு நாளு."

"அப்ப செத்துப்போச்சுண்ணே. நாலும் செத்துப்போச்சு."

அண்ணனே ஒவ்வொரு கேனாகத் தூக்கித் தென்னை மூட்டில் கவிழ்த்தார். யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரிக்க மாட்டார்களா என்றுதான் எனக்கு இருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கழட்டாதீகன்னு நீ சொன்னது மனசுல இருந்துச்சுடா. அதான் போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். தப்புன்னா நீ சொல்லிருவேன்னு. நீ கும்பிடு போட்டியா, சரித்தான் போலன்னு விட்டுட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அப்படிச் சொல்லியிருந்தால் நறுக்கென்று கொடுக்கப் பதில் வைத்திருந்தேன்.

"எங்க வீட்டுல டவர் கெடைக்காதுல்லண்ணே. போட்டோ தெளிவா விழுகல," என்றேன்.

"அதான பாத்தேன்," என்றார் அண்ணன். "பாத்திருந்தா நீ விட்டிருக்க மாட்டியே."