வண்டியை விட்டு இறங்கியவர்

தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே பதினெட்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் இருசப்பன். வயது நாற்பத்தொன்பது. போன தை மாதம் பாதத்தில் எரிச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மாத்திரையைக் கொடுத்த நர்ஸ், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்.

"நான் தினம் நூறு கிலோமீட்டர் போறேன்மா."

"வண்டி போவுதுங்க. நீங்க உக்காந்துகினு இருக்கீங்க."

அந்தப் பதில் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. ஸ்டாண்டில் முறைக்குக் காத்திருக்கும்போது இறங்குவார், டயரை எட்டி உதைப்பார், மறுபடி ஏறி உட்காருவார்.

வீட்டில் சொன்னதும் மனைவி பெரியம்மாள் சிரித்தாள். அவள் கூலிக்குக் கரும்புக் கொல்லையில் களை வெட்டுகிறவள். "நானு பொழுதுக்கும் குனிஞ்சுகினு கெடக்குறேன். நீ சும்மா நடக்கப் போறியா? அவ்ளோ ஆசையா இருந்தா மம்பட்டிய எடுத்துகினு என்கூட வா."

மறுநாள் விடிந்ததும் மெயின் ரோட்டில் நடந்தார். நூறு அடி போவதற்குள், அதே ஸ்டாண்டில் ஓட்டும் சந்தோஷின் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாண்ணே, வண்டி மக்கரா? ஏறுங்க."

"இல்லப்பா, சும்மாதான்."

"சும்மா யாராவது நடப்பாங்களா?"

அவனை அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு வண்டி, அதற்கடுத்து இன்னொன்று. எல்லோரும் தெரிந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. நான்காவது வண்டியில் வெட்கத்தோடு ஏறிக்கொண்டார். அடுத்த நாள் ஏரிக்கரைக்கு மாறினார். அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனால் மனசு நிற்கவில்லை. இந்நேரம் ஸ்டாண்டில் எத்தனை வண்டி போயிருக்கும்? தன் முறை தாண்டியிருக்குமா? எட்டு நிமிஷத்தில் திரும்பி ஓடிவந்தார். இப்படியே ஒன்பது நாள். பத்தாம் நாள் கரைப் பக்கமே போகவில்லை.

நடையை விட்டதும் நிம்மதி வரவில்லை. கைப்பிடியில் விரல் தாளம் போட்டது. முறை விஷயத்தில் ஒன்றுமில்லாத பேச்சுக்குச் சந்தோஷின் சட்டையைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். சட்டைப் பித்தான் ஒன்று அவர் கையோடு வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரமாக வந்தது, தன் மேலேயே.

பங்குனியில் கிளட்ச் போய் வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றது. அதுவரை தினமும் காலையில் பெரியம்மாளைக் கொல்லையில் இறக்கிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போவார். அன்றைக்கு அவள் சோத்துத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கினாள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார முடியாத இருசப்பனும் பின்னால் போனார்.

ரெண்டு கிலோமீட்டர். அவள் நடையில் வேகம் என்று எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவருக்கும் அவளுக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. மூச்சு வாங்கியது. கெண்டைக்கால் இழுத்தது.

"நில்லேன்டி!"

"நின்னா மேஸ்திரி அரை நாள் கூலியப் புடிச்சிக்குவாரு," என்று திரும்பாமலே சொன்னாள்.

வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அவள் சின்னதாகிச் சின்னதாகிக் கரும்புக்குள் மறைந்தாள். இருபத்தாறு வருஷமாகக் கூட வாழ்கிறவள், இவ்வளவு பலமானவள் என்று இப்போதுதான் தெரிந்தது. பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நாலு நாளில் வண்டி வந்துவிட்டது. பெரியம்மாள் ஏறி உட்காரப் போனாள்.

"எறங்கு. நடந்தே போவலாம்."

"உன் சவாரி?"

"போனா போவுது. ஒரு நடை கம்மியா ஓட்டுறேன்."

அவள் ஏற எடுத்த காலைக் கீழே வைத்தாள். பிறகு தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். வழியில் யாராவது கேட்டால் அவளே பதில் சொன்னாள்: "சர்க்கரைக்கு நடக்குறாரு. உனக்கு இன்னா வந்துச்சு?" அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வைகாசி வரைக்கும் அவர் பின்னால்தான் வந்தார். தூரம் மட்டும் குறைந்தது. ஒருநாள் காலை, கொல்லை வந்த பிறகும் கால் நிற்காமல் பக்கத்து ஊர் வரைக்கும் போய்த் திரும்பினார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நூற்று எண்பது. நர்ஸ் சிரித்தார். "நல்லா கொறைஞ்சிருக்கு. அப்படியே நடங்க."

"இன்னும் எத்தன மாசம்மா?"

"மாசக் கணக்கு இல்லீங்க. எப்பவும் நடக்கணும்."

இருசப்பன் திகைத்துப்போனார். மாத்திரை அட்டை தீர்வதுபோல் இதுவும் ஒருநாள் தீரும் என்று நினைத்திருந்தார். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் கோபமாக வந்தது. ஐந்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. உட்கார முடியாமல் எழுந்து நடந்தார்.