பாலில் வந்த பல்துண்டு

குன்வோர் முப்பத்தொரு வருஷமாக அந்த மீன்பிடி ஊரின் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறாள். வடக்கு நார்வேயின் உறைந்த தெருக்களில் முன்பல் உடையாமல் வளர்ந்த குழந்தைகள் குறைவு. ஊரில் பாதிப் பேர் சிரித்தால் அவள் ஒட்டிய பல்தான் தெரியும்.

ஜனவரியில் அவள் கணவன் தோர்கில்ஸ் கடலோடு போய்விட்டான். மூன்று நாள் தேடினார்கள். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். எப்போது அழுவாள் என்று ஊரே காத்திருந்தது. அழுகை வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒட்வார் தன் ஒன்பது வயது மகள் திரீனேயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பனிச்சறுக்கு வண்டியிலிருந்து குப்புற விழுந்ததில் அவளுடைய மேல் முன்பல் குறுக்காகப் பாதி போயிருந்தது.

தோர்கில்ஸைத் தேடிப்போன மீட்புப் படகை ஓட்டியவன் இந்த ஒட்வார்தான். அதற்குப் பிறகு கடையில் குன்வோரைக் கண்டால் வேறு பக்கம் நகர்ந்துவிடுவான். இன்று தப்பிக்க வழியில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன ஜாம் பாட்டிலை எடுத்து நீட்டினான். உள்ளே பால், அடியில் உடைந்த துண்டு.

"முக்கால் மணி நேரம் பனியைக் கையால தோண்டினேன். இதையாவது கண்டுபிடிச்சுட்டேன், குன்வோர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. உதவியாளர் சிஸ்ஸெல் தரையைப் பார்த்தாள்.

"பால்ல போட்டது நல்லதாப் போச்சு, காயல. குடுங்க," என்றாள் குன்வோர்.

மரத்துப்போக ஊசி போட்டாள். உடைந்த பல்லின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. பல்லுக்கு உயிர் அங்கேதான். அதை வெள்ளை மருந்தால் மூடி, துண்டைப் பொருத்திப் பசை தடவி, அது இறுக நீல வெளிச்சத்தைக் காட்டினாள்.

திரீனே கண்ணாடியில் பார்த்தாள். "கோடு தெரியுதே!"

"உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஆப்பிளை அதால கடிச்சே, தொலைச்சுடுவேன். நறுக்கித் தின்னு."

"சாக்லேட்?"

"அப்பாவைக் கேளு."

ஒட்வார் சிரிக்கவில்லை. தொப்பியைத் திருகிக்கொண்டே, "நாலாவது நாளும் போயிருக்கணும். காத்து விடல," என்றான்.

"தெரியும்."

"மன்னிச்சுடுங்க."

"ரெண்டு மணி நேரத்துல மரப்பு விட்டுடும். வலிச்சா மாத்திரை குடுங்க."

அவன்மேல் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அழுகையைப் போலவே அதுவும் இல்லை.

ஆகஸ்டில் திரீனே மறுபடி வந்தாள். குன்வோர் சில்லிட்ட பஞ்சை அந்தப் பல்லில் வைத்தாள்.

"ஐயோ, கூசுது!" என்று துள்ளினாள் பெண்.

கூசினால் உள்ளே உயிர் இருக்கிறது; பல் பிழைத்துவிட்டது. குன்வோர் அதைக் குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது ஒட்வார் தயங்கி நின்றான். "நாளைக்குப் படகு அந்தப் பக்கமாத்தான் போகுது. வர்றீங்களா?"

"எத்தனை மணிக்கு?"

"காலைல அஞ்சுக்கு."

"சரி."

மறுநாள், தோர்கில்ஸின் படகு கிடைத்த இடத்தில் அவன் எஞ்சினை நிறுத்தினான். அங்கே தண்ணீர் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காபி ஊற்றிக் கொடுத்தான். குடித்தாள்.

"போகலாம்," என்றாள். எட்டரை மணிக்கு ஒரு நாலு வயசுக் குழந்தைக்கு நேரம் கொடுத்திருந்தாள்.