நாற்பத்தொன்றாவது லொறி

என் கையாலேயே எழுதியதை வாசிக்க ஏலாமல் நாலு பேர் முன்னால் முழித்தவன் நான். அன்று என்னைக் காப்பாற்றிய நீலமட்டைக் கொப்பி இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்துக்கூட என்னுடையதல்ல.

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய நெற்களஞ்சியமொன்றின் தராசு மேடைக்குச் சின்னக் கணனி ஒன்று வந்தது. அதன் நினைவிடம் மிகச் சிறிது; சொகுசான மொழி எதுவும் அதற்குள் அடங்காது. ஆகவே இயந்திரத்துக்கு நேரே கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் நிரல் எழுதினேன். இந்த எண்ணை எடு, அந்தப் பெட்டியில் வை, இதைக் கழி: அவ்வளவுதான் அதன் இலக்கியம். வேகமோ அபாரம். லொறியை நெல்லோடு ஒருமுறை, இறக்கிய பின் ஒருமுறை நிறுப்போம்; வெறும் லொறி மேடையை விட்டு இறங்குமுன் கழித்து நெல்லின் நிறை வந்துவிடும். சொன்னதை அப்படியே செய்யும். சொன்னது மடத்தனமா என்று மட்டும் கேட்காது.

கேட்கக்கூடியவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தராசுக் கிளாக்கர், கிண்ணியாக்காரர், அண்ணன் முறையில் எனக்கு நானா. பின்னேரத் தேத்தண்ணியோடு என் நிரலைப் பற்றி நான் அளக்கும் பெருமைக் கதையையெல்லாம் அந்த நீலமட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். நானோ நிரலுக்கு ஒரு வரி விளக்கமும் எழுதவில்லை. அது ஞாபகமறதிக்காரரின் வேலை என்பது என் எண்ணம். பழைய தராசையும் கழற்றுவித்திருந்தேன்.

வெள்ளாமை வெட்டி முடிந்து தம்பலகாமத்து லொறிகள் வரிசைகட்டிய நாளில் கணனி நின்றுபோனது. காலந்தப்பிய மழை கடற்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மூடாத லொறிகளில் நெல், நனைந்தால் முளைவிட்டுவிடும். ஒரு விவசாயி என் மேசையருகே வந்து, “ஒரு போகத்து வெள்ளாமை தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் நிரலைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முந்திய என் கெட்டித்தனத்தில் ஒரு வரியும் விளங்கவில்லை.

நானா கொப்பியைப் புரட்டி வாசித்தார்: “கணனிக்குள்ள நிறையை வைக்க லொறிக்கு ஒரு பெட்டி. மொத்தம் நாப்பது. அதுக்கு அடுத்தாப்போல நிரல் தொடங்குது. நாப்பத்தொண்டு வந்தா என்ன செய்யும் எண்டு கேட்டனான். தம்பி சிரிச்சவர்.”

மேடையில் நின்றது நாற்பத்தொன்றாவது லொறி; ஒரே நாளில் நாற்பதைத் தாண்டியது அன்றுதான் முதற்தடவை. கணனி அதன் நிறையை வஞ்சனையில்லாமல் என் நிரலின்மேலேயே எழுதியிருந்தது. முதல் நாற்பதும் நெல்லை இறக்கிப் போய்விட்டன. அவற்றின் பெட்டிகள் இனித் தேவையில்லை என்பதால், நாடாவிலிருந்து நிரலைப் புதிதாக ஏற்றி, அந்த லொறியையே ஒன்று என்று எண்ணித் தொடங்கினோம். கடைசி லொறி கூரைக்குள் நுழைந்த பிறகே மழை விழுந்தது.

இன்றைய நிரல் மொழிகள் எல்லை மீறினால் கத்திக் கூப்பாடு போடுகின்றன. அன்று எனக்காகக் கத்த ஆளில்லை, எழுதி வைக்க ஓர் ஆள் இருந்தார். நானா மாற்றலாகிப் போன அன்று அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். என் வேலையை மதித்து எழுதிய ஒரே மனிதர் நீங்கள்தான் என்று அவர் கையைப் பற்றினேன்.

“மதிப்பெண்டு இல்லைத் தம்பி,” என்றார். “உங்கட கதை நீளம். எழுதாட்டி எனக்கு நித்திரை வந்திடும்.”