ஆளில்லாத வானின் சத்தம்

கோயில் அன்னதானத்துக்காக லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாலு மூட்டை அரிசியை வான் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது: சத்தத்தைக் காணோம்.

அக்கா குடும்பம் கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய, ஏழு இருக்கை வான் அது. அவர்கள் போனபிறகு நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரத்தருகே ‘டொக்’ என்று தட்டும். அவர்கள் இருந்த காலத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

போன கிழமை பிளேஸ்டோவில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் காட்டினேன். நல்ல கனத்த ஆள். பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நான் ஓட்ட ஓட்டக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“தம்பி, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. தனிய இருந்து இருந்து உமக்குத்தான் காதுக்குள்ள தட்டுது. கெதியாக் கலியாணத்தைக் கட்டும்!”

நானும் சிரித்தேன். அவர் இறங்கிப் போனதும் அடுத்த தடையிலேயே தட்டியது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று வீடு வரும்வரை பயமாக இருந்தது.

இப்போது புரிகிறது. பின்னால் பாரம் இருந்தால் ஸ்பிரிங் அழுந்தி, தளர்ந்துபோன ஏதோ ஒன்று ஆடாமல் நின்றுவிடுகிறது. அரிசி செய்ததைத்தான் அவருடைய உடம்பும் செய்திருக்கிறது.

சனிக்கிழமை அவரை மறுபடி கூப்பிடப்போகிறேன். பின்னால் வேண்டாம் அண்ணை, முன்னுக்கு என் பக்கத்தில் இருங்கோ என்று சொல்லப்போகிறேன்.