ஆட்டுக்குள் கோழி, கோழிக்குள் காடை

குவைத்தில் ஆறு வருடம் ஒரு பெரிய வீட்டின் குசினியில் நின்றுவிட்டு வந்த என் அக்கா, அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் உருப்படியானது ஒன்றுதான். ஆட்டுக்குள் கோழியையும் கோழிக்குள் காடையையும் வைத்துச் சமைக்கிற வித்தை. மற்றபடி பூப்போட்ட ஒரு கம்பளிப் போர்வையும் கொண்டுவந்தாள். செட்டிபாளையத்து வெக்கையில் கம்பளிப் போர்வையை வைத்து என்ன செய்வது?

வந்த வருடத் தீபாவளிக்கே செய்து காட்டினாள். பழுகாமத்தில் வயல் செய்யும் எங்கள் அண்ணன், தன் வயல் வட்டையில் கண்ணி வைத்துப் பிடித்த இரண்டு காடைகளை ஓலைக் கூடையில் போட்டு வாவியைக் கடந்து கொண்டுவந்தார். அக்கா ஒரு பெரிய கிடாரத்தில் மசாலா நீரைக் கொதிக்க வைத்து, காடை, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் அதில் அரை வேக்காடாக எடுத்தாள். பிறகு ஒவ்வொரு கோழியின் வயிற்றிலும் ஒரு காடை, ஆட்டின் வயிற்றில் இரண்டு கோழிகள், இடைவெளியெல்லாம் நெய்ச்சோறு. வயிற்றை மூடித் தைப்பது என் வேலை. ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்குச் சாக்கு ஊசியால் ஆட்டுக்குத் தைத்தேன்.

"இடுப்புப் பக்கம் பிடிக்கிது, கொஞ்சம் லூசாக்கி விடு புள்ள" என்று அத்தான், அக்காவின் கணவர், ஆட்டுக்காகப் பேசினார். அந்த மனிதர் இருந்த இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

கடைசியில் ஆட்டைத் திரும்பக் கிடாரத்தில் இறக்கி, மூடியைக் கோதுமை மாவால் ஒட்டி, மேலே தணல் போடவேண்டும். ஒட்டிய பிறகு உப்பைத் திருத்த முடியாது. அதனால் அக்கா முதலில் பாதி உப்புத்தான் போடுவாள். மீதியைச் சிரட்டையில் வைத்துக்கொண்டு, வாயில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பாள். உப்புப் பார்க்கிறேன் என்று அவள் தின்றதிலேயே ஒரு கோழிக் கால் போய்விட்டது. காடைகள் இரண்டும் அவள் மகனுக்கு. அவனுக்கு அப்போது பதினான்கு வயது. "உள்ளுக்குள்ள இரிக்கிறது எனக்குத்தான்" என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த மாதம் கடல் ஊருக்குள் வந்தது. கரைவலைக்குப் போன அத்தானை மூன்றாம் நாள் வாவிப் பக்கம் கண்ணாப் புதருக்குள் எடுத்தோம். கிடாரம் கொஞ்சம் தள்ளி ஒரு வேலியில் சாய்ந்து கிடந்தது, ஒரு நெளிவுகூட இல்லை. ஆளைக் கொன்று சட்டியைக் காப்பாற்றிய அந்தக் கடலை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை எங்கள் அடுப்பில் மீனோ இறைச்சியோ ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டு வழக்கம் அது.

இரண்டு வருடம் கழித்து, டியூசனுக்குப் போன மகன் திரும்பி வரவில்லை. இயக்கம் கொண்டு போய்விட்டது என்றார்கள். வன்னியில் நிற்கிறேன், யோசிக்க வேண்டாம் என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன பிறகு, அக்கா முகாம் முகாமாகப் போய்ப் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தாள். எதிலும் அவன் பெயர் இல்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அண்ணன் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எத்தின நாளைக்குத் தங்கச்சி இப்பிடி? ஒரு நாளப் பாத்து அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவம்."

அக்கா சுளகைக் கீழே வைத்தாள். "செத்த வீட்டில இறைச்சி காய்ச்சுவாங்களா அண்ணன்?"

"இல்ல."

"நான் இந்தத் தீவாளிக்கு ஆடு காய்ச்சப் போறன். காடையோட. வந்து தின்னுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தையல் மெசினைப் பார்த்தேன். ஆனால் அவளை எனக்கு விளங்கியது. இறைச்சி வேகிற வீட்டில் யாரும் சாகவில்லை. அதை ஊருக்குக் காட்டத்தான் அவளுக்கு ஆடு வேண்டியிருந்தது.

நாலாம் நாள் குருக்கள்மடத்துப் பஸ் தரிப்பில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். எங்கள் ஊர்க்காரி, வன்னியில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே அகப்பட்டவள். முகாமிலிருந்து அந்தக் கிழமைதான் விட்டிருந்தார்கள். அக்கா மகனைக் கண்டதாகச் சொன்னாள். நான் சந்தோசப்படுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். கடைசிக் கிழமையில் ஷெல் பட்டதாம்.

"நாங்கதான் புள்ள, பங்கருக்குள்ள வெச்சு மூடினம். உங்கட அக்காட்ட இத எப்பிடிச் சொல்ற எண்டு எனக்குத் தெரியல்ல."

"நான் சொல்லுறன், நீங்க போங்க" என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி.

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா முற்றத்தில் நின்று கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து மீனைத் தொடவும் முடியவில்லை. குளிப்பாட்டாமல், கொள்ளி வைக்காமல் போன பிள்ளை. அவனுக்காக ஒருத்தியாவது துடக்குக் காக்க வேண்டாமா? வயிற்றில் புண், மருந்து எடுக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சோறும் பருப்பும் தின்றேன்.

வாவிக் கரையில் இருந்துகொண்டு மீன் வேண்டாம் என்கிறவளை ஊரே விசாரிக்கும். அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள். அவள் எப்போதும் கடைசியில் குசினிக்குள் தனியாக இருந்து தின்கிறவள். அவள் சோற்றுக் கோப்பையில் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. என் துக்கத்தைக் காவல் காக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

தீபாவளி அன்று எல்லாம் முன்பு போலவே நடந்தது. அண்ணன் காடை கொண்டுவந்தார். கிடாரம் கொதித்தது. அக்கா பாதி உப்பைப் போட்டாள். பிறகு அகப்பையில் கொஞ்சம் அள்ளி என் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"எனக்குத் தடிமன், நாக்குச் செத்துக் கிடக்கு. நீ உப்புப் பாரு."

கை சுட்டது. வாய்வரை கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பி, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "கணக்கா இரிக்கு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு மீதி உப்பிருந்த சிரட்டையை அப்படியே அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். நான் ஆட்டைத் தைத்தேன். அவள் மூடியை மாவால் ஒட்டினாள்.

மத்தியானம் மூடியைத் திறந்தபோது வாசத்துக்குப் பக்கத்து வீட்டு நாயே வேலிக்கு வந்துவிட்டது. அண்ணன் முதல் வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"என்ன புள்ளயள் இது, சப்பெண்டு இரிக்கு. படையலுக்குச் சமைச்ச மாதிரி. ரெண்டு பேரும் உப்புப் பாக்கல்லியா?"

செத்தவர்களுக்குப் படைக்கச் சமைப்பதை எங்களில் யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. முதல் வாய் அவர்களுடையது. அண்ணன் பகிடிக்குத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நீ பாக்கல்லியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"நீங்க ஏன் பாக்கல்ல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். ஒரு கோழிக் காலை உப்புப் பார்த்தே தீர்க்கிறவளுக்கு என்ன தடிமன்?

"முகாமால வந்தவள் அண்டைக்கே எனக்கிட்டயும் வந்தவள், புள்ள" என்றாள். "உன்னக் கண்டத அவள் சொல்லல்ல. ஆட்ட நிப்பாட்டினா உனக்கு விளங்கிரும் எண்டு பயந்துதான் காய்ச்சின."

பத்து நாள் ஒரே வீட்டில், ஒரே பருப்பைத் தின்றுகொண்டு, ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றி இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா எழுந்து போய் ஆட்டுக்குள் கையை விட்டுக் கோழிகளை எடுத்தாள். கோழிகளைப் பிளந்து இரண்டு காடைகளையும் எடுத்தாள். ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, அத்தானின் படத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். நான் ஓடிப்போய் அடுப்புக்குப் பின்னால் இருந்த சிரட்டையை எடுத்து வந்தேன்.

"வேணாம்" என்றாள். "உப்புப் போடாத. அப்பிடியே இரிக்கட்டும். உள்ளுக்குள்ள இரிக்கிறது அவனுக்குத்தான்."

நான் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, விளக்குக்குத் திரி தேடப் போனேன்.