முப்பத்தேழு நிமிடப் பேச்சு

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, மாலை 5.40. நாங்கள் குடியிருக்கும், மராத்தி பேசும் கசார்வாடியில் நல்ல குளிர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. பேத்தி நிவேதாவும் மூன்று தோழிகளும் எங்கள் கூடத்தில் சேர்ந்து படித்தார்கள். உள்ளறையிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஒரு மணி நேரத்தில் 37 நிமிடம் பேச்சு. நிவேதாவுக்கு இயற்பியலில் கடைசியாக வந்தது நூற்றுக்கு 35 மதிப்பெண். பயந்துபோய், பேசவே கூடாது என்று நால்வரையும் நான்கு மூலையில் உட்கார வைத்தேன்.

நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் யாரும் வரவில்லை.

"எங்கம்மா மத்தவங்க?"

"மூலையில உக்கார அவங்க வீட்லயே இடம் இருக்கு தாத்தா," என்றாள் நிவேதா. "ஆளுக்கொரு பாடம் படிச்சிட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லித் தருவோம். எனக்கு இயற்பியல் சொல்லித் தர்றதே சலோனிதான். நீங்க நிமிஷத்தை எண்ணுனீங்க, என்ன பேசுறோம்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மறுநாளே சலோனி வீட்டுக்குப் போய், என் தவறுதான், திரும்ப வாருங்கள் என்றேன்.

"ஆஜோபா, கடிகாரம் எங்கே?" என்று, தாத்தா என்பதை மராத்தியில் சொல்லிக் கேட்டாள் சலோனி. கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். தேர்வு முடிந்துதான் திருப்பித் தந்தாள். நிவேதாவுக்கு இயற்பியலில் 71.

இப்போது அடுத்த பேரன் கூட்டாளிகளோடு படிக்கிறான். சத்தம் கேட்டால், முதலில் கூடத்துக்குப் போய் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிறேன்.

அன்று அவர்கள் திரும்பி வந்ததும், சொல்லித் தர வாங்கிக் கொடுத்த வெள்ளைப் பலகை 450, பேனாக்கள் 75, பத்தொன்பது நாள் மாலைச் சிற்றுண்டிக்கு வடாபாவ், என்னுடையதையும் சேர்த்து, 1,425. மொத்தம் 1,950 ரூபாய்.