வாத்து வேட்டைக்கு வந்த இடத்தில் ஒரு கேட்

லண்டனின் கிழக்கு ஓரத்தில், தேம்ஸ் ஆற்றுச் சதுப்புக்குப் போகும் கேட்டின் முன் நிற்கிறோம். பிளேஸ்டோவில் எனக்குத் தங்க இடம் கொடுத்த யாழ்ப்பாணத்து அண்ணையின் தோளில், உறைக்குள் வேட்டைத் துப்பாக்கி. லைசென்ஸ் இருக்கிறது, வாத்து சுடும் பருவமும் இதுதான். சதுப்பு அரசாங்க நிலம். ஆனால் குத்தகை ஒரு வேட்டை கிளப்பிடம்.

"மெம்பருக்கு மட்டும்தான்," என்கிறார் பச்சைக் கோட்டுக் காவலாளி.

அண்ணையின் கை உறையின் ஜிப்புக்குப் போகிறது. காவலாளி சட்டென்று பின்வாங்கிப் போனை எடுக்கிறார். அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

"குண்டில்லை எண்டு திறந்து காட்டத்தான் தம்பி. வேட்டைக்காரருக்கு அதுதான் இஞ்ச மரியாதை."

"அவர் போலீசைக் கூப்பிடப் போறார் அண்ணே. கையை எடுங்க."

அண்ணை கையை எடுக்கிறார். அந்நேரம் ஒரு ஜீப் வருகிறது. காவலாளி சிரித்தபடி கேட்டைத் திறந்து, அது போனதும் மறுபடி பூட்டுகிறார்.

"நீங்களும் மெம்பர் ஆயிடலாமே?" என்கிறேன்.

"ஆகலாம். ரெண்டு மெம்பர்மார் இந்தச் சதுப்பில என்னோட வேட்டைக்கு வந்து, நான் சுடுறதைப் பாத்து, சரியெண்டு சொல்லவேணும்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

அண்ணை பூட்டைப் பார்க்கிறார்.

"எங்க கூப்பிடுறது? வேட்டை உள்ளுக்கெல்லோ."